குளத்தை நினைத்தேன் என்று சொன்னேன்

அடையாறில் ஒரு மழலையர் பள்ளியின் கேட்டில் பதினாறு வருடமாக ஆயாவாக நிற்கிறேன். மதியம் பன்னிரண்டே காலுக்கு மணி அடித்ததும் குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கைப்பிடித்துக் கூட்டி வந்து, அழைத்துப் போக வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். இதுதான் என் வேலை. முழங்கால் தேய்ந்த பிறகு பெருக்குவது, துடைப்பது எல்லாம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. கேட் மட்டும்தான் எனக்கு மிச்சம். அதுவும் போனால் நான் மயிலாப்பூரில் என் ஒற்றை அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

வந்தவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்தே பெரியவர்கள் முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு வீட்டுக் கஷ்டம் பாதிக் காரணம். டீச்சர் எழுப்பிக் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றது மீதிப் பாதி. அந்தத் தரை பார்க்கும் பழக்கம்தான் கேட்டில் எனக்குக் கைகொடுத்தது. காலை வைத்தே ஆளை அடையாளம் வைத்துக்கொள்வேன். கட்டை விரல் நகம் கறுத்தவர், சுருட்டை முடிப் பையனின் அப்பா. ஒரு கொலுசு மட்டும் போட்டவள், இரட்டையர் வீட்டு வேலைக்காரப் பெண். இப்படியே பதினைந்து வருடம் ஒரு தப்பும் நடக்கவில்லை.

போன ஆடி மாதம் நடந்தது.

மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று. யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே போகும். அதை அழைத்துப் போக அவர்கள் வீட்டில் சமைக்கும் அம்மாள்தான் வருவாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் எழுதிக் கொடுக்கிற கறுப்பு ரப்பர் செருப்பு, அதில் இடது வார் தைத்திருக்கும். அன்று கூட்டத்தில் அந்தச் செருப்பைப் பார்த்தேன். குழந்தையின் கையைக் கொடுத்தேன். அடுத்த குழந்தையைக் கூட்டி வரப் போனேன்.

ஐந்து நிமிடம் கழித்து அதே செருப்பு மறுபடியும் வந்து நின்றது.

"ஆயாம்மா, எங்க பாப்பா எங்க?"

இந்தச் செருப்பில் வார் தைத்திருந்தது. முன்னால் வந்ததில் தைத்திருந்ததா? நான் பார்க்கவே இல்லை.

"பாத்ரூம் போயிருக்கு. இரு, கூட்டியாறேன்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

பக்கவாட்டுக் கதவு வழியாகத் தெருவுக்கு ஓடினேன். முழங்கால் வலித்ததாக நினைவில்லை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டு, தகர வேலி கட்டி, வண்டியெல்லாம் எங்கள் தெரு வழியாகத் திருப்பி விட்டிருந்த நேரம் அது. பஸ், லாரி, தண்ணீர் வண்டி. மஞ்சள் சட்டைக் குழந்தையைக் காணோம். பள்ளி வேன் டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆயா, கொயந்த மாறிப் பூட்ச்சா?" என்றார் விளையாட்டாக. என்னைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அய்ய, நெஜமாவா? அந்தாண்ட ஒரு பெரிம்மா கூட்டிக்கினு போச்சு. வா, வா."

தெரு முனையில் எதிரே வந்துவிட்டார்கள். சிவகாசியிலிருந்து முந்தின நாள்தான் வந்தவராம் அந்த அம்மாள். பேத்தியை அதுவரை போனில் வீடியோவில் மட்டுமே பார்த்திருக்கிறார். எல்லாம் மஞ்சள் சட்டை, எல்லாம் இரட்டைக் குடுமி. நான் கையைக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார். முனை வரைக்கும் போன பிறகு குழந்தை அண்ணாந்து பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டதாம். அந்த அம்மாள் உடனே திரும்பிவிட்டாராம். அவர் காலைப் பார்த்தேன். அதே கறுப்புச் செருப்பு, தையல் இல்லாதது.

மொத்தம் பத்து நிமிடம். சமையல்கார அம்மாளிடம் குழந்தையைக் கொடுத்தேன். சிவகாசி அம்மாளிடம் அவர் பேத்தியைக் கொடுத்தேன். "யார்ட்டயும் சொல்லிராதீங்க தாயி, எம்பொண்ணு ஏசுவா" என்று அவரே என்னைக் கெஞ்சினார். வேன் டிரைவர், "நான் இன்னாத்த பாத்தேன், ஒண்ணியும் பாக்கல" என்று கையை விரித்தார். யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஆனால் அன்றிலிருந்து பன்னிரண்டு மணி ஆனாலே அந்தச் செருப்புகள்தான் நினைவுக்கு வரும். என் மூளையில்தான் ஏதோ கோளாறு, புதிதாக எதுவும் பதியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஜூனில் சேர்ந்த குழந்தைகளின் வீட்டு ஆட்களில் பாதிப் பேர் எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருந்தார்கள். பள்ளியை நடத்தும் பெரிய மிஸ்ஸும் ஒரு நாள், "ஆயாம்மா, உங்களுக்கும் வயசாச்சு, கேட்டுக்கு வேற யாராவது..." என்று இழுத்தார். "எனக்கு ஒண்ணுமில்ல மிஸ்" என்று வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

புரட்டாசியில் அந்தக் குழந்தையின் அம்மாவே பள்ளிக்கு வந்தார். எப்போதாவதுதான் வருவார். வெள்ளைத் துணி ஷூ, ஒரு கயிறு எப்போதும் அவிழ்ந்திருக்கும். அவர் மூளை ஆராய்ச்சி செய்கிறவராம். அறுபது தாண்டியவர்கள் ஆராய்ச்சிக்கு வேண்டும், ஐந்து சனிக்கிழமை வர வேண்டும், ஊசி மருந்து எதுவும் கிடையாது என்று ஆயாக்களிடம் சொன்னார். மற்றவர்கள் சிரித்து மழுப்பினார்கள். நினைவு பதிவதைப் பற்றிய ஆராய்ச்சி என்று கேட்டதும் நான் கை தூக்கினேன். பெரிய மிஸ் ஆச்சரியப்பட்டார். நான் கை தூக்கி அவர் பார்த்ததே இல்லை.

அந்த அம்மா இப்படித்தான் விளக்கினார்:

"ஒண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடியே, அதை வாங்கி வெச்சுக்க மூளை தயாரா இருக்கா இல்லையான்னு இந்த மெஷின்ல தெரியும் ஆயாம்மா. தயாரா இருக்கிற நேரமாப் பாத்துக் காட்டினா நல்லாப் பதியுதான்னு பாக்கறோம். திரையில நீலமா ஒரு கம்பம் இருக்கும், தொட்டியில தண்ணி மாதிரி. உங்க மூளை தயாராச்சுன்னா அது ஏறும். மேல ஒரு கோடு இருக்கும். கோட்டைத் தாண்டினா ஒரு முகம் வரும், கூடவே ஒரு சாமான் வரும். எந்த முகத்தோட எந்தச் சாமான்னு அப்புறமா கேப்போம்."

"எப்படி ஏத்தறது மேடம்?"

"எதையாவது நினைங்க. எதைன்னு நான் சொல்லக் கூடாது. நீங்களாத்தான் கண்டுபிடிக்கணும். வேணாம்னு தோணினா எப்ப வேணா நிறுத்திக்கலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டோம்."

உள்ளே போகும் முன் உடம்பில் இரும்பு இருக்கவே கூடாது. அது பெரிய காந்தம். வளையல், மூக்குத்தி கழற்றினேன். பச்சை அங்கி கொடுத்தார்கள். கூச்சத்தில் ரவிக்கையை அவிழ்க்காமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டேன். அந்த அம்மா ஒரு கருவியை என் மேல் ஓட்டியதும் அது கத்தியது. ரவிக்கையின் உள்பக்கத்தில் ஊக்குகள். குழந்தைகளின் கைக்குட்டை கழன்றால் குத்துவதற்கு எப்போதும் வைத்திருப்பேன், ஒன்பது இருந்தன. "ஊக்குக் கடையே வெச்சிருக்கீங்களே!" என்று அந்த அம்மா சிரித்தார். சிரித்தபடியே ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் விரல் என் தோளில் படப்பட, இவர் பிள்ளையைத்தான் நான் யாரிடமோ கொடுத்தேன் என்று எனக்கு வியர்த்தது.

குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். தலைக்கு ஒரு கூடு. கண்ணுக்கு மேலே கண்ணாடி, அதில் திரை தெரியும். கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அமுக்க வேண்டும். பிறகு அந்தச் சத்தம். தெருவில் மெட்ரோவுக்குப் பாறை உடைப்பது போல, ஆனால் காதோடு ஒட்டிக்கொண்டு. அந்த அம்மாவும் மெஷின் பார்க்கிற ஆளும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து மைக்கில் பேசினார்கள்.

நீலக் கம்பம் அடியிலேயே கிடந்தது. முருகா முருகா என்றேன். ஏறவில்லை. வாய்ப்பாடு சொன்னேன். செத்துப்போன என் வீட்டுக்காரரை நினைத்தேன். கொஞ்சம் ஏறி இறங்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு வரும் அந்த நினைவு திடீரென்று வந்தது. தைத்த வார். தைக்காத வார். "ஆயாம்மா, எங்க பாப்பா எங்க?" நினைத்த உடனே ஒன்றும் ஆகவில்லை. நாலைந்து விநாடி கழித்து, குழாய் திறந்த குடம் மாதிரி நீலம் மளமளவென்று ஏறிக் கோட்டைத் தாண்டியது. ஒரு முகம் வந்தது. நரைத்த மீசை, கீழே ஒரு பூட்டு.

அந்த முகத்தை நான் பார்த்தேன். அது என்னைத் திரும்பிப் பார்க்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டுத் தழும்பு கூட இருந்தது. அன்று வந்த முகங்களுக்கான சாமான்களை எல்லாம் வெளியே வந்த பிறகு சரியாகச் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சீப்பை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

"ஆயாம்மா! என்னத்த நினைச்சீங்க? எப்படி ஏத்தினீங்க?" என்று அந்த அம்மா ஓடி வந்தார். ஷூ கயிறு தரையில் இழுபட்டது.

நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, "கபாலி கோயில் குளத்த நினைச்சேன் மேடம்" என்றேன்.

"குளமா?"

"ஆமா. படிக்கட்டு, தண்ணி... அமைதியா இருக்கும்ல."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமைதான் விஷயம் புரிந்தது. வெளி அறையில் மந்தைவெளிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல தோல் செருப்பு.

"நீங்கதானா அந்தக் குளத்து மாமி?" என்றார். "நன்னா இருக்கு போங்கோ. இப்ப எங்க எல்லாருக்கும் குளத்த நினைங்கோ, அமைதியான இடத்த நினைங்கோன்னு சொல்றா. நானும் குளத்த நினைச்சுண்டே படுத்திருந்தேன். தூங்கிப் போயிட்டேன். அந்தக் குழாய்க்குள்ள குறட்டை விட்டேனாம். கம்பம் பாதாளத்துக்குப் போயிடுத்து."

அவர் சிரித்தார். நான் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது சனிக்கிழமை அந்த அம்மா யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. "ஒரே ஒருத்தருக்குத்தான் ஏறுது. அவங்க சொன்னதச் சொல்லிக் குடுத்தா மத்தவங்களுக்கு இறங்குது. எங்க தப்புன்னே புரியல. அடுத்த வாரத்தோட மெஷின் நேரமும் முடியுது." குரல் உடைந்திருந்தது. நான் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் கேட் போய்விடும். தன் பிள்ளையைத் தொலைத்தவளைக் கேட்டில் நிற்க எந்தத் தாய் விடுவாள்? சொல்லாவிட்டால், அந்த மனுஷி என் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருப்பார். அந்த வாரம் முழுவதும் மழை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முகத்துக்கு நேரே என்னால் முடியாது என்று தெரிந்தது. குழாய்க்குள் இருக்கும்போது மைக்கில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அங்கே யார் முகமும் இல்லை.

கடைசிச் சனிக்கிழமை. சத்தம் ஒரு முறை நின்று, அடுத்தது தொடங்கும் முன் இடைவெளி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"மேடம், நான் குளத்த நினைக்கல. பொய் சொன்னேன். ஆடி மாசம் ஒரு நாள் உங்க பாப்பாவ வேற ஆள் கையில குடுத்துட்டேன். பத்து நிமிஷம். செருப்பப் பாத்து ஏமாந்துட்டேன். அதத்தான் நினைப்பேன். அத நினைச்சாத்தான் ஏறுது. என்னை மன்னிச்சிருங்க."

பதில் வரவில்லை. மைக்கில் சின்ன இரைச்சல் மட்டும். நான் காத்திருந்தேன். ரப்பர் பந்து கையில் ஈரமாகிவிட்டது. காதில் விழவில்லையோ? விழுந்துதான் பேசாமல் இருக்கிறாரோ? திரையில் நீலக் கம்பம் கூட இல்லை, வெறும் கறுப்பு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு படுக்கை மெல்ல நகர்ந்து வெளியே வந்தது.

பக்கத்தில் மெஷின் ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஆயாம்மா... மேடம் அப்ப ரூம்ல இல்ல. தண்ணி குடிக்கப் போனாங்க. நான்தான் கேட்டேன்."

எழுந்து உட்கார்ந்தேன்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவர் தணிந்த குரலில். "ஆனா இது நீங்க சொல்ல வேண்டியது."

கதவு திறந்தது. வெள்ளை ஷூ உள்ளே வந்தது. கயிறு அவிழ்ந்திருந்தது. "ஏன் நிறுத்திட்டீங்க, என்ன ஆச்சு?" என்றார். மெஷின் ஆள் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் அந்தக் கயிற்றைப் பார்த்து ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். அவர் குனிந்து, "எனக்குக் கேக்கல. நிமிந்து சொல்லுங்க" என்றார். நிமிர்ந்தேன். ஐந்து வாரமாக என் எதிரே நின்றவர். இடது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அந்த மச்சத்தைப் பிடித்துக்கொண்டே முழுவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறுவதையும் பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம் மேடம்."

"பத்து நிமிஷம்." அவர் சுவரில் சாய்ந்தார். "அந்தப் பத்து நிமிஷம் நான் இங்கதான் உக்காந்து யாரோட மூளையையோ பாத்துட்டிருந்திருப்பேன்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசமா சொல்லல."

"சொல்லல."

"பெரிய மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் மேசைக்குப் போய் நோட்டை எடுத்தார். குளம் என்று எழுதியிருந்த இடத்தில் கோடு போட்டு அடித்தார். அதன் பக்கத்தில் என்னவோ எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டார். "நீங்க போங்க ஆயாம்மா. திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்கு வரேன்" என்றார். அன்று என் ஊக்குகளை நானே எடுத்துக் குத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவர் வருவதற்கு முன்னாலேயே பெரிய மிஸ்ஸிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ ஆயாம்மா, என் தலையில கல்லப் போட்டுட்டீங்களே" என்றார். பதினொன்றரைக்கு அந்த அம்மா வந்தார். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் வெளியே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். வேன் டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா ஆயா, நீயே போய் மாட்டிக்கினியா? நான் வாயத் தொறக்கலியே" என்றார், தன் மேல் பழி வருமோ என்று.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. பெரிய மிஸ் என்னைப் பார்க்காமல் பேசினார். நாளையிலிருந்து கேட்டில் இன்னொரு ஆளும் நிற்பார். அழைத்துப் போக வருகிற எல்லார் படமும் ஒட்டிய அட்டை இருக்கும். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அந்தக் குழந்தையின் அம்மாவிடமே விட்டுவிட்டாராம்.

"இன்னிக்கு என் பொண்ண இவங்களே கூட்டி வரட்டும்" என்றார் அந்த அம்மா. "நான் வெளிய நிக்கிறேன்." உடனே வெளியே போய்விட்டார்.

மணி அடித்தது. குழந்தை என் ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு, தாவித் தாவி வந்தது. கேட்டைத் திறந்தேன். அன்று மழைத் தண்ணீர் தேங்கி, எல்லாரும் ஸ்கூட்டர் வரிசைக்குப் பின்னால் நடைபாதை மேல் ஏறி நின்றிருந்தார்கள். சக்கரங்கள்தான் தெரிந்தன. ஒருவர் காலும் தெரியவில்லை.

நிமிர்ந்தேன். குடைகளுக்குக் கீழே முகங்கள். எல்லாம் என்னையே பார்த்தன. முகம் சுட்டது. குனியத் தோன்றியது. குனியவில்லை. ஒவ்வொரு முகமாகப் போனேன். கறுத்த நகக்காரருக்கு இப்படி ஒரு சிரித்த முகமா? ஒற்றைக் கொலுசுப் பெண்ணுக்குப் பூனைக் கண். வழக்கம்போல வந்திருந்த சமையல்கார அம்மாளுக்கு முன் பல் இரண்டு இல்லை. அவளைத் தாண்டினேன். சுடிதார் போட்ட இரண்டு பேர், ஒரே மாதிரி வெட்டிய முடி, ஒரே மாதிரிக் கண்ணாடி. குழந்தை யார் பக்கமும் இழுக்கவில்லை. அது தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு முகத்தையும் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். நாலைந்து விநாடி இருக்கும்.

மச்சம்.

தண்ணீரில் இறங்கி நடந்தேன். ஸ்கூட்டர்களுக்கு நடுவே போய் அவர் கையைத் தேடிக் குழந்தையின் கையைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டில் நான் இருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டதாக மறுநாள் பெரிய மிஸ் சொன்னார்.

இப்போதும் கேட்டில் நிற்கிறேன், கூடவே இன்னொரு பெண். அட்டையை அவள் பார்ப்பாள், நான் ஆட்களைப் பார்ப்பேன். அந்த அம்மா வேலையை முன்னே பின்னே மாற்றிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாளாவது தானே வருகிறார். "தேங்க்ஸ்" என்பதற்கு மேல் என்னிடம் பேசியதில்லை. அவர் ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேன் டிரைவர் மட்டும் தினமும், "இன்னா ஆயா, போலீசு கணக்கா மொறைக்கிற? வரவன்லாம் பயப்படறான்" என்கிறார்.

பயப்படட்டும். நான் பார்த்துவிட்டுத்தான் கையைக் கொடுப்பேன்.